மச்சான் பிடித்த கயிறு

இராயபுரம்,
9 மே 1954

தம்பி லாசருக்கு,

நீங்கள் ஏறிப்போன ரயில் இந்நேரம் எந்த ஊரைத் தாண்டுகிறதோ எனக்குத் தெரியாது. என்ஜினியர் ஐயா எழுதிக் கொடுத்துவிட்டுப் போன விலாசத்துக்கு, அல்மோரா தபாலாபீசுக்கே இதைப் போடுகிறேன். நீங்கள் போய்ச் சேரும்போது என் கோபம் உங்களுக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருக்கட்டும்.

சென்ட்ரலுக்கு நான் வரவில்லை என்று உன் மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். வைத்துக்கொள்ளட்டும். நான் வந்திருந்தால் அத்தனை ஜனத்துக்கு நடுவில் அவர் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால்தான் உனக்கு எழுதுகிறேன். நீயே அவருக்குப் படித்துக் காட்டு. ஒரு வரியையும் விழுங்காதே.

உலகத்தில் எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் ஈஸிசேரில் சாய்வார்கள். துறைமுகத்தில் இத்தனை வருஷம் என்ஜினியராக இருந்த சங்கரநாராயணன் ஐயாவுக்கு மட்டும் இமயமலையில் நடக்க வேண்டும். போன வருஷம் யாரோ உலகத்திலேயே உயரமான சிகரத்தில் கால் வைத்தார்கள் என்று பேப்பரில் வந்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. போகிறவர் தனியாகப் போகக்கூடாதா? "துறைமுகத்திலேயே கயிறு கட்டவும் பிடிக்கவும் தெரிஞ்சவங்க இஞ்ஞாசியும் லாசரும்தான், அவங்க கூட வந்தா எனக்குப் பயமில்லை" என்றாராம். அவருக்குப் பயமில்லை, சரி. எனக்கு?

நீங்கள் இரண்டு பேரும் மலைக்குத் தயாரான லட்சணத்தை இராயபுரமே பார்த்துச் சிரித்தது. குளிர் பழகுகிறேன் என்று ஐஸ் பாக்டரியில் மீன் பெட்டிகளுக்கு நடுவில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தீர்கள். முதுகில் மணல் மூட்டையோடு கிரேன் ஏணியில் ஏறி இறங்கினீர்கள். பரங்கிமலைப் படிகளில் பூட்ஸ் காலோடு தொம் தொம் என்று ஏறி, வேண்டுதலுக்காக முழங்காலில் ஏறிக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் வசவு வாங்கினீர்கள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரித்திருக்கக்கூடாது, அப்போதே காலைப் பிடித்துத் தடுத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கடலில் முங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பது அவன் மனைவியின் கூடப்பிறந்தவன்தான் என்று நம்மவர்கள் சும்மா வைக்கவில்லை. வேறு யாராவது பிடித்தால் கை அசந்துவிடும். மச்சான் பிடித்தால், அக்காள் தாலி தன் கையில் இருக்கிறது என்கிற பயத்தில் அசராது. இந்தப் பதினோரு வருஷமும் அவர் தண்ணீருக்குள் இருக்கும்போதெல்லாம் நான் அடுப்படியில் நிம்மதியாகக் குழம்பு வைத்தேன் என்றால் அது உன் கையை நம்பித்தான். புறப்படும்போது, "மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்னு சொல்லிகிறாங்கோ, என் மச்சான் கூடவே வர்றான், உனக்கு இன்னா பேஜாரு?" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இராயப்பர் கோவிலில் நீ எனக்குக் கொடுத்த வாக்கை மறக்காதே. ஐயாவின் புத்தகத்தில் இரண்டு வழி போட்டிருக்கிறது என்றாய். ஒன்று, ஆற்றங்கரையோடு, தங்கும் பங்களாக்கள் வழியாகப் பனிக்கட்டி கிடக்கும் இடம்வரை போய்த் திரும்புவது. மற்றது, அதற்கும் மேலே பதினேழாயிரம் அடியில் ஒரு கணவாயைத் தாண்டுவது. தாழ்ந்த வழியில்தான் போவோம் என்று நீ மெழுகுவத்தி ஏற்றிச் சொல்லியிருக்கிறாய்.

உன் அக்காள்,
சிலுவையம்மாள்

&nbsp;

அல்மோரா,
18 மே 1954

அன்புள்ள அக்காளுக்கு,

உன் கோபம் எங்களுக்கு முன்னால் வந்து தபாலாபீசில் உட்கார்ந்திருந்தது உண்மைதான். முழுவதும் படித்துக் காட்டினேன். மச்சான் கடைசி வரிவரைக்கும் கேட்டார். பிறகு, "உங்க அக்கா எழுத்துலகூட அதட்டிகினே கீறா பாரு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது.

இந்த ஊர் ஒரு மலையின் முதுகில் இருக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் வடக்கே வெள்ளையாக ஒரு வரிசை தெரிகிறது. முதலில் நான் மேகம் என்று நினைத்தேன். ஐயா, "மேகமில்ல லாசர், அதுதான்" என்றார். அவ்வளவு உயரத்தில் தரை இருக்கக்கூடாது அக்கா. மச்சான் மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். பல் விளக்கின தண்ணீரைத் துப்பக்கூட மறந்துவிட்டார்.

தயாரிப்பு வேலை நடக்கிறது. ஐயா எங்களை ஒவ்வொரு நாளும் ஊருக்கு மேலே உள்ள மேட்டில் ஏற்றி இறக்குகிறார். ஐஸ் பாக்டரியும் கிரேன் ஏணியும் ஒன்றுக்கும் உதவவில்லை. கால் வலிக்கவில்லை, மூச்சுத்தான் எட்டவில்லை. மச்சானுக்கு இதில் பெரிய அவமானம். தண்ணீருக்குள் மூச்சை அடக்குவதில் துறைமுகத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை அல்லவா? இங்கே ஒரு கிழவி விறகுக்கட்டோடு அவரைத் தாண்டிப் போனாள். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

கம்பளிக் காலுறை, தலைக்குக் குல்லாய், இருட்டுக் கண்ணாடி எல்லாம் வாங்கியாயிற்று. பனியைப் பார்த்தால் கண் வெந்துபோகும் என்பதால் அந்தக் கண்ணாடி. வழி காட்ட உள்ளூர் ஆள் ஒருவனும் சுமைக்கு இரண்டு பேரும் வருகிறார்கள்.

நேற்று ஐயா புத்தகத்தைப் பிரித்துவைத்து, "ரெண்டு வழியும் இருக்கு. நடக்கப் போறது நீங்களும்தான். எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். நான் உடனே தாழ்ந்த வழி என்றேன். மச்சான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கணவாய்க்கு அந்தாண்ட இன்னா கீது சார்?" என்று கேட்டார். "திபெத்துப் பக்கம் பார்க்கலாம்" என்றார் ஐயா. நான் மச்சான் காலை மேஜைக்கு அடியில் மிதித்தேன். கடைசியில் அவரும் தாழ்ந்த வழிக்கே தலையாட்டினார்.

ஆகவே நீ பயப்படாதே. எனக்குப் பயமாக இருக்கிறது என்பது வேறு விஷயம். இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் பள்ளமாக இருக்கிறது.

தம்பி,
லாசர்

&nbsp;

இராயபுரம்,
26 மே 1954

தம்பி லாசருக்கு,

தாழ்ந்த வழி என்று படித்ததும் கோவிலுக்குப் போய் இராயப்பருக்கு இன்னொரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். மேஜைக்கு அடியில் நீ மிதித்த மிதிக்கு உனக்குப் புண்ணியம் உண்டு.

ஆனாலும் அவர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று எழுதினாயே, அதுதான் என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. கல்யாணமான புதிதில் ஒரு தரம், காணாமல் போன நங்கூரத்தைத் தேடி இறங்கினார். அது கிடைத்த பிறகும் மேலே வரவில்லை. கேட்டால், "அந்தாண்ட ஒரு பள்ளம் கீது, அத்தப் பாத்துட்டு வந்தேன்" என்றார். யாரும் பார்க்கச் சொல்லவில்லை. அந்தாண்ட இருப்பதைப் பார்க்காமல் அவரால் திரும்ப முடியாது. உனக்கும் தெரியும்.

மாமியார் வியாகுலம்மாள் ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் ஒரு பிடியை எடுத்துக் காக்கைக்கு வைத்துவிட்டு, "எம்புள்ள துன்னானோ இல்லியோ" என்கிறார். இந்த வீட்டில் சாப்பாடு இறங்குவது காக்கைக்குத்தான்.

எண்ணூர்ப் பக்கம் போன கட்டுமரங்கள் எல்லாம் காற்று சரியில்லை என்று திரும்பிவிட்டன. அங்கே மலையில் காற்று எப்படி இருக்கிறது? எழுது. கையெழுத்து கோணலாக இருந்தாலும் எழுது.

சிலுவையம்மாள்

&nbsp;

கடைசிப் பங்களா,
30 மே 1954

அக்கா,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ இதைப் படித்துவிட்டு என்னைச் சபிப்பாய். சபித்துக்கொள்.

ஐயாவின் முழங்கால் இந்தக் கடைசிப் பங்களாவுக்கு வரும் வழியிலேயே மடங்கிப்போய்விட்டது. ஒரு பாறையில் சறுக்கி விழுந்தார். இப்போது அவரால் பங்களா வாசலைத் தாண்ட முடியவில்லை. வந்த வழியே திரும்பிவிடலாம் என்று நான் நினைத்தேன், உள்ளுக்குள் சந்தோஷமும் பட்டேன். ஆனால் அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு அழுதார் அக்கா. அத்தனை பெரிய மனிதர் சின்னப் பிள்ளைபோல் அழுதார். "இவ்வளவு தூரம் வந்துட்டு அந்தக் கணவாயைப் பார்க்காம போறேனே" என்றார். இத்தனை நாளாக அவர் மனசில் இருந்தது கணவாய்தான் போலிருக்கிறது. நமக்காகத்தான் தாழ்ந்த வழிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மச்சான் எழுந்து நின்று, "சார், நாங்கோ போய்ப் பாத்துட்டு வந்து சொல்றோம் சார்" என்றார்.

நான் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டேன். அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். "வாக்கு நீ குடுத்தே, நான் குட்கலியே" என்றார். பிறகு என் தோளில் கை போட்டு, "இத்தினி வருசமா கலீஜு தண்ணிலே கப்பல் அடியைத் தடவிகினே காலம் போச்சு மச்சான். ஒருக்கா மேலே போய்ப் பாக்குறேனே" என்றார். அக்கா, இருட்டுக்குள் தடவித் தடவி வேலை செய்கிற மனிதர் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும் என்றால் நான் என்ன சொல்லட்டும்?

நாளைக் காலை புறப்படுகிறோம். வழிகாட்டி முன்னால், நான் நடுவில், மச்சான் கடைசியில், மூன்று பேரும் ஒரே கயிற்றில். மச்சானுக்கு நேற்றிலிருந்து தலைவலி. சோறு வேண்டாம் என்கிறார், இருமலும் இருக்கிறது. குளிர்தான் காரணம் என்று மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். இதை எழுதும்போதும் அவர் இருமுவது கேட்கிறது.

இந்தக் கடிதத்தைக் கீழே போகிற தபால்காரனிடம் கொடுக்கிறேன். நீ படிக்கும்போது நாங்கள் திரும்பியிருப்போம். பயப்படாதே என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

லாசர்

&nbsp;

இராயபுரம்,
8 ஜூன் 1954

லாசர்,

மட்டி! மடையா! தலைவலி, சாப்பாடு இறங்கவில்லை, இருமல் என்று எழுதிவிட்டு, மறுநாள் காலையில் மேலே கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாயே. நீ எங்கள் அப்பாவுக்குப் பிறந்தவன்தானா?

யுத்தத்துக்கு முந்தி எண்ணூருக்கு வெளியே மூழ்கின கப்பலுக்கு அப்பா இறங்கினாரே, ஞாபகம் இல்லையா? ஆழத்தில் ரொம்ப நேரம் இருந்துவிட்டு ஒரே மூச்சாக மேலே வந்தார். படகில் ஏறினதும் முட்டியெல்லாம் வலி என்று சுருண்டு விழுந்தார். எல்லாரும் கரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தார்கள். நம் பெரியப்பாதான் விடவில்லை. மறுபடி தலையில் முங்குகிற செம்புத் தொப்பியை மாட்டித் தண்ணீருக்குள் இறக்கினார். வேகமாக ஏறினதால் வந்த வலிக்கு இறங்குவதுதான் மருந்து. அந்தப் படகில் சமையலுக்கு உட்கார்ந்திருந்தவள் நான். நீ கரையில் கோலி விளையாடிக்கொண்டிருந்தாய். அப்பா அதற்குப் பிறகு நொண்டினார், ஆனால் உயிரோடு நொண்டினார்.

மலையும் அப்படித்தான் இருக்க வேண்டும். எனக்கு மலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வேகமாக உயரத்துக்கு ஏறினவனுக்குத் தலைவலி வந்தால் அவனை இறக்க வேண்டும் என்பது தெரியும். இறக்கு. அவர் திட்டினாலும் இறக்கு, கட்டிப்போட்டு இறக்கு.

இதைத் தபாலில் போடுகிறேன். தந்தியும் கொடுக்கப் போகிறேன். அது அல்மோராவோடு நின்றுவிடும் என்று தெரிந்தும் கொடுக்கிறேன்.

சிலுவை

&nbsp;

இராயபுரம்,
10 ஜூன் 1954

இதைப் பிரிப்பது யாராக இருந்தாலும்,

நேற்று மத்தியானம் என்ஜினியர் ஐயா வீட்டம்மா செல்லக்கனி குதிரை வண்டியில் வந்தார்கள். கையில் ஒரு தந்தி. ஐயா கொடுத்தது. "ஒரு ஆள் மிகவும் மோசம். விவரம் பின்னால்." அவ்வளவுதான். மேலேயிருந்து ஓடிவந்த சுமைக்காரன் யாரோ சொன்னதை வைத்து ஐயா கொடுத்திருக்கிறார் போலிருக்கிறது. யார் என்று அவருக்கே தெரியவில்லையோ, எழுத மறந்துவிட்டாரோ. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. "எந்த ஆள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

எந்த ஆள்?

கோவிலுக்குப் போனேன். முழங்காலில் நின்றேன். யாருக்காக வேண்டுவது? அவரைக் காப்பாற்று என்று ஆரம்பித்தால் உன்னைத் தள்ளிவிடுகிற மாதிரி இருந்தது. உன்னைக் காப்பாற்று என்றால் அவரை. ஒரே ஒரு ஆள் என்று தந்தி சொல்லிவிட்டதே. சர்வேசுரனிடம் ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன். வரும் வழியில் ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஒருவர் பெயர் என் மனசில் வந்தது. யார் பெயர் என்று நான் செத்தாலும் சொல்லமாட்டேன். அப்படிப்பட்ட பாவி நான்.

மாமியாரிடம் சொல்லவில்லை. அவர் வழக்கம்போல் காக்கைக்குச் சோறு வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

துறைமுகத்துக்குப் போனேன். தொழிலாளர் மேஸ்திரி சௌக்கத் அலி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "அல்லாஹ் கீறான்மா, ரெண்டு பேரும் வந்துகினு இருப்பாங்கோ" என்றார். அவர் கண்ணில் நம்பிக்கை இல்லை.

இதைப் படிப்பது நீயா லாசர்? இல்லை, யாரோ அவருக்குப் படித்துக் காட்டுகிறார்களா? எனக்கு ஒரு வரி போடுங்கள். நல்லதோ கெட்டதோ, ஒரு பெயரை மட்டும் எழுதுங்கள்.

சிலுவையம்மாள்

&nbsp;

அல்மோரா,
14 ஜூன் 1954

அக்கா,

இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். ஐயாவின் இரண்டாவது தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். அதில் உள்ளது உண்மைதான், உன்னைச் சமாதானப்படுத்த எழுதினதல்ல. மோசமாக இருந்தது மச்சான். இப்போது இங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். உப்புப் போதவில்லை என்று சண்டை போடுகிறார். அதைக் கேட்டு நான் வராந்தாவில் போய் அழுதேன்.

நடந்ததை எழுதுகிறேன். வேறு யாரிடமும் என்னால் சொல்ல முடியாது.

இரண்டாம் நாள் பனிச்சரிவில் ஏறினோம். செங்குத்தான இடம் வந்தால் வழிகாட்டியும் நானும் முதலில் ஏறி மேலே உட்காருவோம், பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு மச்சானை வரச் சொல்லுவோம். கடலில் செய்கிற வேலைதான். மேகம் மூடிக்கொண்டது. கீழே இருந்த மச்சான் கண்ணுக்குத் தெரியவில்லை. கயிறு மட்டும் வெள்ளைக்குள் போயிற்று. சத்தியமாகச் சொல்லுகிறேன், கலங்கின தண்ணீருக்குள் போகிற மாதிரியே இருந்தது.

அப்போது கயிற்றில் நாலு இழுப்பு வந்தது.

உனக்குத் தெரியும், ஒன்று என்றால் நலம், நாலு என்றால் என்னைத் தூக்கு. முங்குகிறவன் பேச முடியாது, கயிறுதான் அவன் வாய். பதினோரு வருஷமாக நாலு வந்தால் என் தலை யோசித்ததே கிடையாது. கை இழுத்துவிடும். இழுத்தேன். முழு பலத்தோடு இழுத்தேன். அவர் வந்தார், தவழ்ந்துகொண்டு வந்தார். உதடு நீலமாக இருந்தது. கொஞ்சம் உட்கார்ந்தார், மறுபடி நடந்தோம். அடுத்த மேட்டிலும் நாலு இழுப்பு. வழிகாட்டி என் கையைப் பிடித்து, "நீச்சே, நீச்சே" என்றான். கீழே என்கிறான், எனக்குப் புரிந்தது. புரிந்தும் என் கை மேலேதான் இழுத்தது அக்கா. தூக்கு என்று கேட்கிறவனைக் கீழே விடுவது எப்படி? அப்படி விட்டவன் எவனாவது துறைமுகத்தில் உண்டா? கணவாய் இதோ வந்துவிட்டது, மேலே போய்விட்டால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இழுத்தேன். உன் புருஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவுக்குள் இழுத்துக்கொண்டு போனது நான்தான்.

கணவாய்க்குக் கொஞ்சம் கீழே கூடாரம் போட்டோம். மச்சானால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. உட்கார்ந்தபடி என் மேல் சாய்ந்துகொண்டார். நெஞ்சில் காது வைத்துப் பார்த்தேன். உள்ளே சட்டியில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம். இருமினார், நுரையாக வந்தது, இளஞ்சிவப்பாக. தண்ணீரே இல்லாத இடத்தில், மலை உச்சியில், மச்சான் மூழ்கிக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் அவருக்குப் பேச்சில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. அவர் இடுப்பில் கட்டின கயிறு என் இடுப்பிலும் இருந்தது. கை நீளம்கூட இடைவெளி இல்லை. அந்தக் கயிற்றைப் பிடித்து அவர் நாலு தரம் இழுத்தார்.

நான் இங்கேதான் இருக்கிறேன் மச்சான், இன்னும் எங்கே தூக்க என்று கத்தினேன். கத்தும்போதுதான் உறைத்தது. அவர் மேலே தூக்கு என்று எப்போதாவது கேட்டிருக்கிறாரா? காற்று இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோ என்றுதான் கேட்கிறார். கடலில் காற்று மேலே இருக்கிறது. இங்கே கீழேதான் இருக்கிறது. இரண்டு நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், நான் தலைகீழாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கூட வந்த சுமைக்காரனை ஐயாவிடம் சேதி சொல்ல முன்னால் ஓடவிட்டு, கூடாரத்தையும் சாமான்களையும் அங்கேயே போட்டோம். அவரைக் கம்பளியில் சுற்றி என் முதுகில் கட்டச் சொன்னேன். பனிச்சரிவு வந்த இடங்களில் அவரைக் கயிற்றில் கட்டிக் கீழே விட்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக, தூக்கு என்று கேட்டவனுக்குக் கயிற்றைத் தளர்த்தினேன். ஒவ்வொரு தளர்த்தலுக்கும் என் கை மறுத்தது. ஒவ்வொரு தடவையும் உன் பெயரைச் சொல்லித்தான் கயிற்றை விட்டேன். வழிகாட்டி முன்னால் போய்ப் பிடித்துக்கொண்டான். மரங்கள் ஆரம்பிக்கிற இடம் வந்ததும் மச்சான் கண்ணைத் திறந்து, "தண்ணி குடு" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்காக நான் மறுபடி ஒரு தடவை பிறந்து வரலாம்.

உன் எட்டாம் தேதிக் கடிதமும் பத்தாம் தேதிக் கடிதமும் இன்றுதான் ஒன்றாகக் கிடைத்தன. படித்தேன். அப்பா விஷயம் எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீ சொன்னது சரி, நான் மட்டிதான். பத்தாம் தேதிக் கடிதத்தை மச்சானுக்குப் படித்துக் காட்டவில்லை. நீ மனசில் நினைத்த பெயர் எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

டாக்டர் நெஞ்சு தெளிந்துவிட்டது என்கிறார். மழைக்காலம் கழிந்ததும் மறுபடி முங்கலாமாம். மச்சான் இப்போதே துறைமுகத்தைப் பற்றிப் பேசுகிறார். அவர் முங்கட்டும். ஆனால் அக்கா, இனிமேல் நான் கயிறு பிடிக்கமாட்டேன். என் கையை எனக்கே நம்ப முடியவில்லை. நாலு இழுப்பு வந்தால் அது என்ன செய்யும் என்று தெரியாது. சௌக்கத் அலி நல்ல ஆள், நிதானமான கை. அவரைப் பிடிக்கச் சொல்லு. நான் சரக்கு இறக்கும் வேலைக்குப் போகிறேன்.

ஒரு வரி எழுதச் சொன்னார் மச்சான், கணவாயை எட்டவில்லை என்றாலும் அவர் வாயாலேயே எழுதுகிறேன்: "அந்தாண்ட ஒண்ணும் இல்ல புள்ள. பனிதான் கீது."

லாசர்

&nbsp;

இராயபுரம்,
21 ஜூன் 1954

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கூடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாமியார் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் என்னை அடித்தார், சொல்லாமல் மறைத்ததற்காக. பிறகு என்னைக் கட்டிக்கொண்டு, "ரெண்டும் வந்துடும்ல, வந்துடும்ல" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நீ சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. உன் மச்சான் உள்ளதைச் சொல்ல மாட்டார். அவருக்கு அது ஒரு கதையாகிவிடும், ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சொன்னாய், நல்லது. சொன்னதால் உன் மேல் எனக்குக் கோபம் வந்தது, அதையும் மறைக்கமாட்டேன். வழிகாட்டி கையைப் பிடித்துச் சொன்ன பிறகும் இழுத்தாய் என்று படித்த இடத்தில் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் நீ என் தம்பியாகத் தோன்றவில்லை.

சௌக்கத் அலியைப் போய்ப் பார்த்தேன். நீ எழுதினதைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நான் புடிக்கிறேன்மா, நல்லாவே புடிப்பேன். ஆனா உள்ளே இருக்கறவன் எனக்கு தோஸ்துதான், செத்தா நாலு நாள் அழுவேன். அஞ்சாம் நாள் சோறு துன்னுவேன். லாசர் துன்னமாட்டான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வேலைக்கு நேரமாயிற்று என்று எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் யோசித்தேன். உன் மச்சான் முங்காமல் இருக்கமாட்டார். அவரைக் கட்டிப்போட என்னால் ஆகாது, யாராலும் ஆகாது. முங்குகிறவனுக்கு மேலே ஒருவன் இருந்தே ஆக வேண்டும். தப்பே செய்யாத கையை எங்கே போய்த் தேடுவேன்? அப்படி ஒரு கை இருந்தாலும், தான் பிடித்திருப்பது என் தாலி என்று அதற்குத் தெரியுமா?

நீ பிடித்தால், அவர் இறங்குகிற நாட்களில் முன்போல அடுப்படியில் நிம்மதியாக நிற்க முடியாது. துறைமுகத்துக்கே வந்து உன் கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன், ஊர் சிரித்தாலும் நிற்பேன். உன் கையை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது லாசர். ஆனால் அந்தக் கையைத் தவிர வேறு யார் கையிலும் அவரைக் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

சரக்கு இறக்கவெல்லாம் போகவேண்டாம். வந்து கயிற்றைப் பிடி.

அக்காள்,
சிலுவையம்மாள்